இமேஜ் ஏறியது, செட்டப் ஸ்கிரிப்ட் மட்டும் ஓடவில்லை

லாகின் திரை வந்துவிட்டது, நிறுவ வேண்டிய மென்பொருள் ஒன்றுகூட இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. விண்டோஸ் இமேஜில் (கணினிகளில் ஏற்றத் தயாராக வைத்த விண்டோஸ் நகல்), நிறுவல் முடிந்ததும் தானாக ஓட வேண்டிய 'செட்டப்கம்ப்ளீட்' சிஎம்டி ஸ்கிரிப்ட் ஃபைல் காலை வாரிவிடும்போது இப்படித்தான் இருக்கும். அதன் எக்சிட் கோடை (வெற்றியா தோல்வியா என்று சொல்லும் எண்) விண்டோஸ் செட்டப் சரிபார்ப்பதே இல்லை.

முதலில் சி டிரைவில் விண்டோஸ், பாந்தர், அன்அட்டெண்ட்ஜிசி ஃபோல்டருக்குப் போய் 'செட்டப்ஆக்ட்' லாகைத் திறந்தேன். ஸ்கிரிப்ட் ஓடவே இல்லை என்று தெரிந்தது. ஃபைல் இருக்க வேண்டிய இடம் விண்டோஸ், செட்டப், ஸ்கிரிப்ட்ஸ், அங்கேதான் இருந்தது. (நோட்பேடில் சேமித்தால் ஃபைல் பெயரின் பின்னால் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும், அதையும் பாருங்கள்.)

சிக்கல் லைசென்ஸ் கீயில். லேப்டாப்போடு வரும் ஓஇஎம் (தயாரிப்பாளர்) கீ கொண்ட ப்ரோ பதிப்பில் இந்த ஃபைலை விண்டோஸ் ஓடவிடாது. எண்டர்பிரைஸ் பதிப்புக்கு அந்தத் தடை இல்லை. அதனால் கட்டளைகளை நிறுவலின் கேள்விகளுக்குத் தானாகப் பதில் தரும் அன்அட்டெண்ட் எக்ஸ்எம்எல் ஃபைலில், முதல் லாகினில் ஓடும் 'ஃபர்ஸ்ட்லாகான்கமாண்ட்ஸ்' பகுதிக்கு மாற்றி, அட்மின் கணக்குக்கு ஒருமுறை மட்டும் ஆட்டோலாகான் (தானாக லாகின் ஆவது) வைத்தேன்.

ஸ்கிரிப்ட் ஓடியும் பாதியில் நின்றால் காரணம் வேறு. அது பயனர் கணக்கில் அல்ல, விண்டோஸின் சிஸ்டம் கணக்கில் ஓடுகிறது, மேப் செய்த நெட்வொர்க் டிரைவ் எதுவும் அதற்குத் தெரியாது, வைஃபையும் இணைந்திருக்காது. இன்ஸ்டாலர்களை இமேஜுக்குள்ளேயே வையுங்கள். நடுவில் ரீபூட் கட்டளை கூடாது, மீதியை அது தொடராது. பவர்ஷெல்லை எக்சிகியூஷன் பாலிசி பைபாஸ் (ஸ்கிரிப்ட் ஓடுவதற்கான தடையைத் தாண்டும் அமைப்பு) கொடுத்தே அழையுங்கள். ஒவ்வொரு கட்டளையின் வெளியீட்டையும் தனி லாக் ஃபைலுக்குத் திருப்புங்கள். அடுத்த முறை ஊகிக்க வேண்டியிருக்காது.