இந்தியாவுல இருந்து தத்தெடுக்கணுமா? ஏஜென்சி காண்ட்ராக்ட்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

அமெரிக்காவுக்கு புதுசா வந்தவங்க காண்ட்ராக்டை விட முதல்ல பார்க்க வேண்டியது உங்க விசாவைத்தான். புருஷன் பொண்டாட்டில ஒருத்தராவது அமெரிக்க சிட்டிசனா இருந்தாதான், வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுக்க அமெரிக்க அரசுகிட்ட அனுமதி கேக்கற ஐ-800ஏ ஃபார்மைப் போட முடியும். எச்1பி, கிரீன் கார்டுல இருக்கிறவங்களுக்கு அந்த வழியே கிடையாது. நீங்க அப்படி இருந்தா, குழந்தைக்கு 16 வயசு ஆகறதுக்குள்ள தத்தெடுத்து, ரெண்டு வருஷம் சட்டப்படி உங்க பொறுப்புல இருந்து, ரெண்டு வருஷம் உங்க கூடவே வாழ்ந்திருந்தாதான் இமிக்ரேஷன்காரங்க அந்தக் குழந்தையை உங்க பிள்ளைன்னு ஏத்துக்குவாங்க, அதாவது உங்கள்ல ஒருத்தர் ஊருக்குப் போய் குழந்தையோட தங்க வேண்டி வரலாம். அதனால இமிக்ரேஷன் லாயர்கிட்ட பேசிட்டு அப்புறமா ஏஜென்சிக்கு போங்க, தயவுசெஞ்சு இதை மாத்தி பண்ணாதீங்க.

ஏஜென்சிக்கு ரெண்டு பக்கமும் அனுமதி இருக்கணும். இங்க ஹேக் ஒப்பந்தத்துக்கான (நாடு விட்டு நாடு தத்தெடுக்கறதுக்கான சர்வதேச ஒப்பந்தம்) அங்கீகாரம், அங்க டெல்லில இருக்கிற கேராவோட (தத்தெடுப்பைக் கவனிக்கிற இந்திய அரசு அமைப்பு) அனுமதி. காண்ட்ராக்ட்ல போட்டிருக்கிற பேரு, இந்த ரெண்டு அனுமதியும் வாங்கினவங்க லிஸ்ட்ல அப்படியே இருக்கான்னு பாருங்க. "சென்னைல ஒரு ஹோம்ல குழந்தை இருக்கு, நான் முடிச்சுத் தரேன்"னு யாராவது சொன்னா அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திடுங்க, எல்லாம் கேரா வழியாத்தான் நடக்கணும்.

அடுத்தது ஃபீஸ் பக்கம், இதை மட்டும் நிதானமா உட்கார்ந்து படிங்க. எந்த வேலைக்கு எவ்வளவுன்னு தனித்தனியா எழுத்துல தரணும்னு அமெரிக்க விதியே இருக்கு, "ப்ரோகிராம் ஃபீ"ன்னு ஒரே மொத்தமா போட்டிருந்தா பிரிச்சுக் கேளுங்க. வெளிநாட்டுல எதிர்பாராத செலவு 1000 டாலருக்கு மேல போனா செலவு பண்றதுக்கு முன்னாடி உங்க சம்மதம் வாங்கணும். ஆனா அந்த உரிமையை முன்கூட்டியே விட்டுக்கொடுக்கறதுக்கும் விதி இடம் கொடுக்குது, அதுக்குன்னு ஒரு வரியும் பக்கத்துல இனிஷியல் போட ஒரு சின்னக் கோடும் இருக்கும். அதுல போடாதீங்க. காப்பகத்துக்குன்னு தனியா டொனேஷன் கேட்டாலும் கொடுக்காதீங்க, இந்திய விதிப்படி அது கூடாது.

"எது நடந்தாலும் ஏஜென்சி பொறுப்பில்ல"ன்னு ஒட்டுமொத்தமா எழுதி வாங்கவும் அவங்களுக்கு அனுமதி இல்ல, பேசி விளக்கின குறிப்பிட்ட ரிஸ்க்குக்கு மட்டும்தான், அதுவும் உங்க ஸ்டேட் சட்டம் விட்டா. கம்ப்ளெயின்ட் பண்ண மாட்டேன்னு எழுதிக் கேட்டா அந்த ஏஜென்சியே வேணாம்.

கேஸ் நடுவுல நின்னா என்ன ஆகும்? நீங்களே வேணாம்னு சொன்னா, நீங்க கர்ப்பமானா, வேலை போய் ஊருக்குத் திரும்பினா, ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு ரீஃபண்ட்னு எழுத்துல கேளுங்க. திரும்ப வர வேண்டிய பணத்தை ஏஜென்சி தன்னோட வேலை முடிஞ்சு 60 நாளுக்குள்ள தரணும். மனசு கனத்துக் கிடக்கிற நேரத்துல காசுக்காக யாரும் அலையக் கூடாது.

குழந்தை வீட்டுக்கு வந்தப்புறமும் ரெண்டு வருஷம் கேராவுக்கு ரிப்போர்ட் போகணும், முதல் வருஷம் மூணு மாசத்துக்கு ஒண்ணு, ரெண்டாவது வருஷம் ஆறு மாசத்துக்கு ஒண்ணு. நம்மாளுங்க வேலைக்காக டெக்சாஸ்ல இருந்து நியூஜெர்சின்னு மாறிக்கிட்டே இருப்போம், சோஷியல் வொர்க்கர் லைசென்ஸோ ஸ்டேட்டுக்கு ஸ்டேட் வேற. நீங்க இடம் மாறினா மிச்ச ரிப்போர்ட்டை யார் எழுதறது, அந்தச் செலவு யாரோடதுன்னு கையெழுத்துக்கு முன்னாடியே காண்ட்ராக்ட்ல சேர்க்கச் சொல்லுங்க.