பிள்ளைகளோடு மெர்டேக்கா சதுக்கத்துக்குப் போகிறீர்களா?

கோலாலம்பூரில் மெர்டேக்கா (விடுதலை) சதுக்கம் போக ஆசைப்படுபவர்கள் காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மஸ்ஜிட் ஜாமெக் எல்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடைதான். அதுவும் காலை எட்டு மணிக்கே. பத்து மணிக்கு மேல் அந்தத் திடலில் நிழல் தேடி அலைய வேண்டியிருக்கும். நாங்கள் ஒருமுறை மதியம் போய், சின்னவளைத் தூக்கிக்கொண்டே திரும்பினோம். குடை மறக்க வேண்டாம், மாலை மழைக்கும் அதுதான்.

போனதும் வரலாற்றைப் பாடம்போல ஒப்பிக்காதீர்கள், பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். கொடிக்கம்பத்தின் கீழே நிறுத்தி ஒரே கேள்வி கேளுங்கள்: "நள்ளிரவில் இங்கே என்ன நடந்திருக்கும்?" 1957 ஆகஸ்ட் 31 பிறந்த அந்த நள்ளிரவில்தான் இங்கே பிரிட்டிஷ் கொடி இறங்கி, நம் மலாயாக் கொடி ஏறியது. காலையில் மெர்டேக்கா அரங்கத்தில் நம் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் ஏழு முறை "மெர்டேக்கா" என்று முழங்கினார். அதைச் சொன்னதும் எங்கள் வீட்டு வாண்டுகளும் ஏழு முறை கத்தினார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், பரவாயில்லை.

எதிரே 1897இல் கட்டி முடித்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். மணிக்கூண்டோடு சேர்த்துப் படம் எடுக்க, சாலையைக் கடந்து திடல் பக்கம் நில்லுங்கள். அப்புறம் கிள்ளான், கோம்பாக் ஆறுகள் சேரும் இடத்தைக் காட்டுங்கள். கோலாலம்பூர் என்றால் சேறான ஆற்றுச் சங்கமம்; அந்தப் பெயர் அங்கேதான் புரியும்.

பசித்தால் பக்கத்தில் உள்ள லெபோ அம்பாங் தெருப் பக்கம்தான். தோசை, தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்), சரி, வீட்டுக்கு.