சிஎஸ் பிள்ளைகள் மைனர் எடுக்கும்போது செய்கிற தவறுகள்

மைனர், அதாவது டிகிரியோடு சேர்த்து இன்னொரு துறையிலும் சில பேப்பர்கள் படிப்பது, எடுக்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னபோது, "ஏற்கெனவே மைனர் மாதிரிதானே சுத்திக்கிட்டு இருக்கே" என்றார். நான் எடுத்த லட்சணத்துக்கு அந்தக் கிண்டல் தகும். சிஎஸ் (கம்ப்யூட்டர் சயின்ஸ்) படித்துக்கொண்டே ஏஐ (செயற்கை நுண்ணறிவு) மைனரில் சேர்ந்தேன்.

பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறும் இதுதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் ரெகுலேஷன் 2021 என்ற படிப்பு விதிமுறையில் சிஎஸ்இ (கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங்) பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள். டேட்டா சயின்ஸ், கிளவுட், சைபர் செக்யூரிட்டி, ஏஐ எல்லாமே உங்கள் எலெக்டிவ் (விருப்பப் பாடம்) பட்டியலிலேயே இருக்கின்றன. பிறகு எதற்கு அதையே மைனராகவும் படிக்க வேண்டும்? வீட்டில் சாம்பார் கொதிக்கும்போது ஹோட்டலில் சாம்பார் பார்சல் வாங்குகிற கதை. அதே ரெகுலேஷனில் ஃபின்டெக் (பணப் பரிமாற்றத் தொழில்நுட்பம்), தொழில்முனைவு, சுற்றுச்சூழல் என்று வேறு பக்கம் போகிற வெர்டிகல்களும் (ஒரே துறைப் பேப்பர்களின் தொகுப்பு) உண்டு, மற்ற டிபார்ட்மெண்ட்களின் வெர்டிகல்களையும் எடுக்கலாம்.

கோடு எழுத ஏற்கெனவே கற்றுக்கொள்கிறீர்கள், எதற்காக எழுதுவது என்பதை மைனர் காட்ட வேண்டும். கணக்குப் பதிவியல் கொஞ்சம் தெரிந்தவர் பேமெண்ட் ஆப் எழுத உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்: யாரோ ஒருவர் கணக்கில் தப்பாக 500 ரூபாய் ஏறிவிட்டது, நம் சிஎஸ் புத்தி நேராக டேட்டாபேஸில் அந்த வரியை டெலீட் பண்ணப் போகும், கணக்குத் தெரிந்தவரோ அதைத் தொடவே மாட்டார், எதிர்ப்பதிவு ஒன்று போட்டு நேர் செய்வார், ஏனென்றால் ஆடிட்டர் கேட்டால் தப்பு நடந்ததும் தெரிய வேண்டும், திருத்தியதும் தெரிய வேண்டும். மொழியியலும் அப்படித்தான். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 என்கிறது, நமக்கு மூன்றெழுத்து. (யூனிகோடில் 'மி', 'ழ்' இரண்டும் இரண்டிரண்டு குறியீடுகள்.) 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' என்பதைக் கம்ப்யூட்டருக்காகச் சொற்பகுதிகளாக எங்கே வெட்டுவது என்பது அதைவிடப் பெரிய தலைவலி. இலக்கணம் தெரிந்தவருக்கு அது பழகின சமாச்சாரம்.

அடுத்தது, விதியைப் படிக்காமல் பெயர் கொடுப்பது. ரெகுலேஷன் 2021-இல் மைனருக்கு 18 கிரெடிட் (ஒவ்வொரு பேப்பருக்கும் தரும் மதிப்பு) வேண்டும்; அது டிகிரிக்கு மேல் கூடுதலாக 18, கிட்டத்தட்ட ஆறு பேப்பர். ஐந்தாவது செமஸ்டரில்தான் தொடங்க முடியும், சிஜிபிஏ (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரி மதிப்பெண்) 7.5 வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகளில் இந்தக் கணக்கு மாறும், சில இடங்களில் எலெக்டிவ் கிரெடிட்டிலேயே மைனரை முடித்துவிடலாம். பாதியில் விட்டால் படித்த பேப்பர் எந்தக் கணக்கில் சேரும் என்பதை முதலிலேயே ஆபீஸில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டைம்டேபிளையும் யாரும் பார்ப்பதில்லை. என் மைனர் வகுப்பு மாலை நாலரைக்கு, காலேஜ் பஸ் கிளம்புவது 4.40-க்கு. டவுன் பஸ் பிடித்து, இரண்டு இடத்தில் மாறி, வீட்டுக்கு வர எட்டாகிவிடும். பிளேஸ்மென்ட் சீசன் தொடங்கினதும் வகுப்பில் பாதிப் பேரைக் காணோம்.

பிளேஸ்மென்ட் என்றதும் ஞாபகம் வருகிறது, மைனர் இருந்தால் ஷார்ட்லிஸ்ட் ஆகிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். முதல் சுற்றில் ஆப்டிட்யூடும் கோடிங்கும்தான் பேசும். இன்டர்வியூவில் "ஃபின்டெக்கா, அதில் என்ன செய்தாய்?" என்று கேட்டால் காட்ட ஒரு புராஜெக்ட் இருக்க வேண்டும்.

கணிதத்துக்குப் பயந்து ஸ்டாட்டிஸ்டிக்ஸை விட்டு ஓடுவது இன்னொரு தவறு. மெஷின் லேர்னிங் பக்கம் போகிற ஆசை இருந்தால் அந்தப் பேப்பர் எப்படியும் துரத்திக்கொண்டு வரும், மார்க் போட ஆசிரியர் இருக்கும்போதே படித்துவிடலாம். நண்பன் எடுத்தான் என்று எடுப்பதைப் பற்றி தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, என் ஏஐ மைனர் அப்படி வந்ததுதான்.

சரி, பெயர் கொடுப்பதற்கு முன் அந்த மைனரின் முதல் பேப்பருக்கு ஒரு பழைய கொஸ்டின் பேப்பரை சீனியரிடம் வாங்கிப் பாருங்கள். பாதிக் கேள்வி உங்கள் எலெக்டிவில் ஏற்கெனவே வந்ததாக இருந்தால் ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 4.40 பஸ்ஸில் ஏறிவிடுங்கள்.