டயரின் உள்விளிம்பைத் தடவிப் பார்த்ததுண்டா?

வீல் அலைன்மென்ட், அதாவது கார் சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வதுதான் என் வேலை. "வண்டி டயரைச் சாப்பிடுது, அலைன்மென்ட் பண்ணிக் கொடுங்க" என்று சாவியை நீட்டுபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எந்தப் பக்கம் சாப்பிடுது?" என்பதைத்தான். பெரும்பாலும் பதில் வராது. டயர் தேய்ந்திருப்பது தெரியும். எந்த இடத்தில், எந்த மாதிரி தேய்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள். காரணம் இருப்பதே அங்கேதான். காற்று குறைவாக ஓட்டியதால் தேய்ந்த டயருக்கு நான் எத்தனை முறை அலைன்மென்ட் செய்து கொடுத்தாலும் அது அப்படியேதான் தேயும்.

அதனால் எங்களிடம் வருவதற்கு முன் நீங்களே ஒரு முறை பாருங்கள். வண்டியைச் சமதளத்தில் மெல்ல ஓட்டியபடியே ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்து நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்துவிடுங்கள். இப்போது முன் டயர்களின் முகம் வெளியே தெரியும். பின் டயர்கள் திரும்பாது, அவற்றுக்கு வண்டியின் பின்னால் உட்கார்ந்து டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் மொபைலை உள்ளே நீட்டி ஒரு படம் எடுத்தால் போதும். முக்கியமாகப் பார்க்க வேண்டியது உள்விளிம்பு. நின்று பார்த்தால் கண்ணில் படுவது வெளிப்பக்கம் மட்டும்தான். அந்தப் பக்கம் பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் மேடுகள், நன்றாக இருக்கும், உள்ளே கம்பி தெரியும் அளவுக்கு மொட்டையாகியிருக்கும். இப்படி வந்த வண்டிகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். கம்பி தெரிகிற டயரில் மட்டும் கையை வைக்காதீர்கள், கிழித்துவிடும். அந்த டயரில் இனி ஓட்டவும் கூடாது.

கம்பி தெரியாத டயரென்றால் உள்ளங்கையைப் பட்டன் மேல் வைத்து, குறுக்கே ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குத் தடவுங்கள். பிறகு எதிர்த்திசையில் தடவுங்கள். மீன் செதிளைத் தடவுவது போல ஒரு பக்கம் வழுவழுவென்று போய், திரும்பி வரும்போது குத்தினால், அது டோ எனப்படும் சக்கரத் திசையில் வந்த கோளாறு. இரண்டு சக்கரங்களும் நேராகப் போகாமல் உள்பக்கமோ வெளிப்பக்கமோ பார்த்துக்கொண்டு தரையில் இழுபட்டுக்கொண்டே ஓடுகின்றன என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே இது கைக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து அளவு. பட்டன் ஆழம் பார்க்கும் சிறிய கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டயரிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடத்தில் அளந்து, தேதியும் கிலோமீட்டரும் போட்டு எழுதி வையுங்கள். புது கார் டயரில் ஏறக்குறைய 7 முதல் 8 மி.மீ. இருக்கும். பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடுகள் தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மிச்சம் 1.6 மி.மீ., டயர் முடிந்தது. நடுவில் 5 மி.மீ. இருந்தாலும் உள்விளிம்பு 1.6-க்கு வந்துவிட்டால் அந்த டயரும் முடிந்ததுதான். ஒரே டயரில் ஒரு மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் நான் காரணம் தேட ஆரம்பித்துவிடுவேன்.

நடுப்பட்டை மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மேடாக நின்றால் காற்று குறைவு. இதற்கு அலைன்மென்ட் மெஷின் தேவையே இல்லை, பிரஷர் கேஜ் போதும். எவ்வளவு வைக்க வேண்டும் என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும், சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் பிரஷர் எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்றடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கதவுத் தூணில் பெரும்பாலும் இரண்டு அளவு போட்டிருக்கும், ஒன்று சாதாரணமாக ஓட்டுவதற்கு, இன்னொன்று முழுச் சுமைக்கு. ஐந்து பேரும் பெட்டிகளுமாகக் கிளம்பும்போது இரண்டாவது அளவை வைக்க வேண்டும், திரும்பி வந்ததும் குறைத்துவிட வேண்டும்.

டயர் ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது ஓரிரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. நெடுந்தூரம் ஓடிய டயரில் பிரஷர் சில பி.எஸ்.ஐ. கூடிக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் குறைவான காற்றில்தான் கிளம்புவீர்கள். மாதம் ஒரு முறை பார்ப்பது நல்லது. டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு இருக்கிறதே என்பார்கள். பல வண்டிகளில் அது கால்வாசிக் காற்று போன பிறகுதான் எரியும். விளிம்பு தேய அவ்வளவு குறையத் தேவையில்லை.

ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சரி, அது எங்கள் வேலை. ஆனால் இங்கேயும் ஒரு விஷயம் இருக்கிறது. நிறைய குடும்பக் கார்களில் முன்பக்கம் டோவை மட்டும்தான் திருத்த முடியும், கேம்பர் எனப்படும் சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வைத் திருத்த ஏற்பாடே இருக்காது. பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே பீம் இணைக்கும் வண்டிகளில் பெரும்பாலும் இரண்டுமே முடியாது. அப்படிப்பட்ட வண்டியில் கேம்பர் அளவு தவறு என்று மெஷின் சிவப்பில் காட்டினால் ஏதோ வளைந்திருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் புஷ் (ரப்பர் வளையம்), பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், வீல் பேரிங் எல்லாவற்றையும் முதலில் ஆட்டிப் பார்க்க வேண்டும். புஷ் கிழிந்த வண்டியை மேடையில் ஏற்றி எல்லா எண்ணையும் பச்சைக்குக் கொண்டுவரலாம். கீழே இறக்கி ஒரு பிரேக் அடித்தால் சக்கரம் வேறு இடத்துக்குப் போய்விடும். ஆகவே கடையில் இரண்டு கேளுங்கள்: "ஆட்டம் பார்த்தீங்களா?" ஒன்று, அலைன்மென்ட்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுச் சீட்டு இன்னொன்று. பின்னால் எடுத்த சீட்டை மட்டும் கொடுத்தால் எதைத் திருத்தினார்கள் என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நின்றாலோ, பள்ளத்தில் பலமாக இறங்கினாலோ, சஸ்பென்ஷன் பாகம் மாற்றினாலோ அலைன்மென்ட் பாருங்கள். 80, 100 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் முதலில் பார்க்க வேண்டியது பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்பது. இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்து, நடுக்கத்துக்கு அலைன்மென்ட் கேட்பவர்கள் அதிகம்.

சுற்றிலும் அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகப்படுங்கள். சக்கரம் தரையில் ஒட்டாமல் குதித்துக் குதித்து ஓடிய அடையாளம் அது. வீல் பேரிங் போனது போல ஹூம் என்று சத்தமும் வரும். ஷாக் மாற்றினாலும் பழைய டயரில் அந்தச் சத்தம் உடனே போகாது, அதற்காக மறுபடி கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம்.

அப்புறம் ரொட்டேஷன், அதாவது டயர்களை இடம் மாற்றிப் போடுவது. முன்சக்கர இயக்கமுள்ள வண்டியில் திரும்புவது, இழுப்பது, பெரும்பங்கு பிரேக் எல்லாம் முன் டயர் தலையில்தான். அது வேகமாகத் தேயும், அது கோளாறு இல்லை. 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை முன் டயர்களை அதே பக்கமாகப் பின்னுக்கும், பின் டயர்களைப் பக்கம் மாற்றி முன்னுக்கும் கொண்டுவாருங்கள். பின்சக்கர இயக்கமென்றால் இதற்கு நேர் எதிர். பக்கவாட்டில் சுழல் திசை அம்புக்குறி போட்ட டயரை அதே பக்கத்தில் முன்பின் மட்டும்தான் மாற்றலாம். முன்னுக்கும் பின்னுக்கும் வேறு சைஸ் என்றால் முன்பின் மாற்றவே முடியாது. ஸ்டெப்னியும் அதே சைஸ், அதே வகை என்றால் அதையும் சுற்றில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் கழற்றுவதற்கு முன் எந்த டயர் எந்த இடத்தில் இருந்தது என்று சாக்பீஸால் எழுதிவிடுங்கள். ஒரு பக்கம் தேய்ந்த டயரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டால் தடயமும் அதோடு போய்விடும். முன்னால் வந்த டயர் தேயத் தொடங்கும் வரை யாருக்கும் ஒன்றும் தெரியாது. ரொட்டேஷனே போதும், அலைன்மென்ட் வேண்டாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லாதது இதனால்தான்.

ஓட்டுவதில் சொல்ல அதிகம் இல்லை. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை முறுக்காதீர்கள், நடைபாதை விளிம்பில் உரசி நிறுத்தாதீர்கள், வளைவில் வேகத்தைக் குறையுங்கள்.

இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால் புதியவற்றைப் பின்னால் போடுங்கள், ஈரச் சாலையில் வண்டியின் பின்பக்கம் வழுக்காமல் இருப்பது முக்கியம். அலைன்மென்ட்டை அன்றைக்கே பார்த்துவிடுங்கள், பழைய கோளாறில் புது டயரை ஓடவிடாதீர்கள். சக்கரம் கழற்றி மாட்டிய வண்டி நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒரு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.