பிரிவுத் தலைவருக்கு: அரசு அலுவலகத்தில் வேலையை அளப்பது எப்படி

அரசுத் துறையில் ஊதிய உயர்வும் பதவி உயர்வும் பெரும்பாலும் பணிமூப்பை ஒட்டியே நடக்கும். பிரிவுத் தலைவர் கையில் மிஞ்சுவது வேலைப் பங்கீடு, நிலுவை ஆய்வு, எழுத்திலுள்ள பதிவு, இவ்வளவுதான்.

ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் உட்கார்ந்து நான்கைந்து இலக்குகளை எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். "பணியைச் செம்மையாகச் செய்தல்" இலக்கே இல்லை. "முழுமையான மனுவுக்கு 15 நாளுக்குள் வரைவு ஆணை" என்றால் அளக்கலாம். 'முழுமையான' என்பதை விட்டுவிடாதீர்கள். இணைப்பில்லாத மனு தாமதமானால் ஊழியர் என்ன செய்வார்?

வாரம் ஒருமுறை நிலுவையைப் பாருங்கள், முக்கியமாக அதன் வயதை. ஒருவரிடம் 40 கோப்புகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரத்துக்குள் வந்தவை 15, ஒரு மாதத்துக்குள் 13, அதைத் தாண்டியவை 12. அந்த 12-ஐ மட்டும் புரட்டுங்கள். 9 கோப்புகள் வேறு பிரிவின் பதிலுக்குக் காத்திருந்தால், நேரில் பேசி அதை வாங்குவது உங்கள் வேலை. அவரிடம் விளக்கம் கேட்க வேண்டியது மீதி 3 பற்றித்தான்.

முடித்த எண்ணிக்கையை மட்டும் கேட்டால் மாதக் கடைசியில் சில்லறைக் கேள்விகளால் கொக்கி போட்டு மனுவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மேசை காலி, கணக்கும் அழகு; மனுதாரர் மறுபடி வரிசையில். ஆகவே முடிந்தவற்றில் ஏதாவது 5 கோப்புகளை மாதந்தோறும் உருவி, கேள்வி எல்லாம் ஒரே தடவையில் கேட்கப்பட்டதா என்று பாருங்கள்.

வேலை சுணங்கினால், தெரியவில்லையா, முடியவில்லையா, மனமில்லையா என்று முதலில் பிரித்தறியுங்கள். தெரியாதவருக்கு மெமோ எதற்கு? மாதிரி வரைவு கொடுங்கள். மனமில்லாதவருக்குப் பயிற்சி வகுப்பு இன்னொரு விடுமுறை. மெமோவில் "மெத்தனமாக இருக்கிறார்" என்று மட்டும் எழுதினால் மேல்முறையீட்டில் நிற்காது. கோப்பு எண், வந்த தேதி, கெடு, வாய்மொழியாக எச்சரித்த தேதி எல்லாம் வேண்டும். பதிலுக்கு அவகாசம் கொடுத்து, அவர் பதிலையும் கோப்பில் சேருங்கள். ஊழியரின் பணியை மதிப்பிட்டு எழுதும் ஆண்டறிக்கையில் நீங்கள் "மிக நன்று" போட்ட ஒருவர் மீது பிறகு நடவடிக்கை கேட்டால், அவர் முதலில் நீட்டுவது அந்த அறிக்கையைத்தான். ஆளுக்கு மாதம் இரண்டு வரி குறித்து வந்தால் இந்தச் சிக்கல் வராது.

நன்றாக உழைப்பவர் தலையிலேயே மேலும் மேலும் ஏற்றுவது பழைய வியாதி. சிக்கலான வழக்குக் கோப்பு ஒன்றைச் சாதாரணக் கோப்பு நாலைந்துக்குச் சமமாக வைத்து, ஆறு மாதத்துக்கொருமுறை மறுபங்கீடு செய்யுங்கள்.