கிடப்பில் கிடந்த மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே மீட்டெடுத்தல்

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய மோட்டார் சைக்கிள்களின் விலை கண்டபடி ஏறியதால், கொழும்பில் பலர் மதிலோரம் தறப்பாள் போர்த்திக் கிடந்தவற்றையும் வாங்கிச் சீர்செய்யத் தொடங்கினர். அப்படி வாங்கும் ஒருவருக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே கிக்கரை உதைத்துப் பார்க்க வேண்டாம். பல ஆண்டுகள் அசையாதிருந்த சிலிண்டருக்குள் துரு படிந்திருக்கலாம். பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆத்திரத்தில் உதைக்கும் ஓர் உதை, மீட்கக்கூடிய என்ஜினை மீட்க முடியாததாக்கிவிடும்.

பணம் கொடுக்குமுன், பதிவுப் புத்தகத்திலுள்ள சேசிஸ் இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் வண்டியில் பொறிக்கப்பட்டுள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். துருவின் கீழ் இலக்கம் மறைந்திருந்தால் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்துப் பார்க்கலாம். கம்பித் தூரிகையால் தேய்க்கக் கூடாது, தேய்ந்த இலக்கம் பிறகு சந்தேகத்தையே கிளப்பும். வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்கு நிலுவை உண்டா என்பதையும் பிரதேச செயலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். பத்திரம் சரியில்லாத வண்டியில் உழைப்பைக் கொட்டுவதைப் போன்ற வேதனை வேறில்லை.

தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடம் போன்ற சிறிய இடமே இந்த வேலைக்குப் போதும். ஆனால், முழு வண்டியையும் ஒரே நாளில் பிரித்துப் போடக் கூடாது. ஒரு பகுதியைக் கழற்றி, சுத்தம் செய்து, பூட்டி முடித்த பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும்; கழற்றுமுன் தொலைபேசியில் படம் எடுத்து, ஆணிகளை வெற்று ஐஸ்கிறீம் பெட்டிகளில் பெயர் ஒட்டி வைக்க வேண்டும். ஜப்பானிய வண்டிகளின் கூட்டல் குறி ஆணிகளுக்குச் சாதாரண ஸ்க்ரூ டிரைவர் சரியாகப் பொருந்தாது, தலை வழுகிவிடும். ஜப்பானிய அளவுக்குச் செய்த முனையையும், சுத்தியலால் தட்டித் திருப்பும் டிரைவர் ஒன்றையும் வாங்கிவைப்பது வீண்செலவல்ல.

என்ஜினில் முதல் வேலை, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியாக இரண்டு தேக்கரண்டி என்ஜின் ஒயில் விட்டு ஓர் இரவு வைப்பது. மறுநாள் உயர் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். அசையாவிட்டால் டீசலும் ஒயிலும் சமமாகக் கலந்து விட்டு, நாளுக்கு ஒரு முறை சக்கரத்தை இலேசாக முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு, ஒரு வாரமேனும் பொறுத்திருக்க வேண்டும். அசைந்த பின், பிளக் கழற்றிய நிலையிலேயே பல தடவை சுற்றி உள்ளிருக்கும் திரவத்தை வெளியேற்றுவது அவசியம். திரவம் தேங்கியிருக்க உதைத்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ரொட் வளையக்கூடும்.

பெரும்பாலான வண்டிகள் நின்றுபோவதற்குக் காரணம் என்ஜின் அல்ல, பெற்றோல் வரும் பாதைதான். பல மாதங்கள் நின்ற பெற்றோல் பிசினாகி, பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். தாங்கிக்குள் ஈரம் துருவை வளர்க்கும். நான் முதன்முதலில் ஒரு பழைய 125 சிசி ஹொண்டாவைச் சீர்செய்தபோது காபரேட்டரை மட்டும் பளபளவென்று கழுவி, தாங்கியை அப்படியே விட்டேன். மூன்றாம் நாள் பம்பலப்பிட்டியில் நின்றுபோய், காலி வீதி வழியே வெள்ளவத்தை வரை தள்ளிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து தாங்கியில் தொடங்காமல் பெற்றோல் பாதையில் எதையும் தொடுவதில்லை.

தாங்கியைக் கழற்றி, பழைய பெற்றோலை வடித்து, குழாயையும் மிதவையையும் அகற்றி, துளைகளை அடைத்த பின் ஒரு பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கினால் உதிரும் துரு வெளிவரும். பின்னர் வாய்வரை வினாகிரி நிரப்பி ஒன்றிரண்டு நாள் வைக்க வேண்டும். அரைகுறையாக நிரப்பினால் மேற்பகுதித் துரு அப்படியே இருக்கும். வினாகிரியை வெளியே ஊற்றிவிட்டு, அப்பச்சோடா கரைத்த நீரால் அலசி, நல்ல நீரால் கழுவி, உடனே வெயிலில் உலர்த்தி, சிறிது டூ-ஸ்ட்ரோக் ஒயிலை உட்புறமெங்கும் படரவிடுங்கள். வெறுந்தாங்கியில் பெற்றோல் ஆவி நிறைந்திருக்கும். அது நிறைந்த தாங்கியைவிட ஆபத்தானது, ஆகவே தீயும் பொறியும் அருகில் வரவே கூடாது.

காபரேட்டரில் காற்றுத் திருகாணியைக் கழற்றுமுன், அது முழுமையாக இறுகும் வரை எத்தனை சுற்று என எண்ணி எழுதிவையுங்கள். மெதுவோட்டத்தில் பெற்றோல் விடும் சிறு குழாயான மெதுவோட்ட ஜெட்டின் துளை அரை மில்லிமீற்றருக்கும் குறைவானது. அதில் இரும்புக் கம்பியைச் செருகினால் துளை பெரிதாகி, வண்டி என்றைக்குமே சீராக ஓடாது. மின்கம்பியிலிருந்து பிரித்த ஒற்றைச் செப்பிழையும் காற்றழுத்தமும் போதும்.

ஒயில் மாற்றும்போது கார் ஒயிலை ஊற்ற வேண்டாம். ஈரக் கிளச் அதே ஒயிலில்தான் நனைகிறது. உராய்வைக் குறைக்கும் சேர்க்கைகள் அதில் இருந்தால் கிளச் வழுகும். போத்தலில் மோட்டார் சைக்கிள் ஒயிலுக்குரிய ‘ஜாசோ எம்.ஏ’ (JASO MA) என்ற குறியீடு இருப்பதைப் பாருங்கள்.

உதிரிப்பாகங்களுக்குப் பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். ஒரே தோற்றமுள்ள பழைய ஹொண்டாக்களில் சில 6 வோல்ட், சில 12 வோல்ட்; பெயரைச் சொல்லி வாங்கிய மின்குமிழ் முதல் இரவே எரிந்துபோகலாம். கடலோரம் நின்ற வண்டியில் உப்புக்காற்று கம்பி இணைப்புகளைப் பச்சை பூக்கச் செய்திருக்கும். ஒவ்வொன்றையும் பிரித்துச் சுரண்டிச் சுத்தமாக்காமல் புதிய பற்றரி போடுவதில் பயனில்லை.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பழைய பிரேக் சூக்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும் என்பதால் தூசியை ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். டயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும்: 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பூ எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்த டயரைப் போட்டுக்கொண்டு மழைக்காலத்தில் காலி வீதியில் இறங்கக் கூடாது.

இவை முடிந்த பின்னரே கிக்கரில் கால் வையுங்கள். ஸ்டார்ட் ஆனதும் பற்றரி முனைகளை மீட்டரால் பாருங்கள். 12 வோல்ட் வண்டியில் வேகம் கூட்டும்போது 14 வோல்ட் அளவில் காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. பதிவும் காப்புறுதியும் ஒழுங்காகிய பின், முதல் 50 கிலோமீற்றரை வீட்டைச் சுற்றியே ஓட்டி, திரும்பும் ஒவ்வொரு முறையும் நட்டுகளை இறுக்கி, செயினின் தொய்வையும் ஒயில் கசிவையும் பார்த்து, ஒயிலை இன்னொரு முறை மாற்றிவிட்டு, புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள்.