ஃபிளாக்ஸ்டாஃபின் கோடைக் கலை நிகழ்வுகளுக்குத் திட்டமிடுவது எப்படி

அரிசோனா என்றதும் கள்ளிச்செடியும் பாலைவனமும் நினைவுக்கு வருவது இயல்பு. அம்மாநிலத்தின் வடபகுதியில் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், பொண்டரோசா பைன் காட்டின் நடுவே இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃப் அந்த எண்ணத்துக்குச் சற்றும் பொருந்தாத ஊர். 1899இல் தொடங்கிய வடக்கு அரிசோனா பல்கலைக்கழகம் அமைந்திருக்கும் இந்நகரில், 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 77,000 பேருக்குச் சற்றுக் குறைவாகவே வாழ்கிறார்கள். ஜூலை மாதத்தில் ஃபீனிக்ஸ் 40 பாகை செல்சியஸைத் தாண்டிக் கொதிக்கும்போது இங்கே பகலில் 27, 28 பாகையும் இரவில் 10 பாகையை ஒட்டியும் இருக்கும். ஆகவே வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஃபீனிக்ஸ், சாண்ட்லர் பக்கத்திலிருந்து மலையேறும் வண்டிகளுக்குக் குறைவே இல்லை. அவற்றில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. பெரும்பாலோர் கிராண்ட் கேன்யனுக்குப் போகும் வழியில் தங்குமிடமாக மட்டுமே இவ்வூரைப் பயன்படுத்துகிறார்கள். இங்கேயே இரண்டு மூன்று நாள் தங்கி, ஊரின் கலை நிகழ்வுகளையும் சமூக நிகழ்வுகளையும் பார்க்க விரும்புவோருக்காக இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். நிகழ்ச்சி நிரலைக் கையில் எடுப்பதற்கு முன்பு வானத்தின் போக்கைப் புரிந்துகொள்வதே இங்கு முதல் வேலை.

இவ்வூருக்குக் கோடை ஒன்றல்ல, இரண்டு. மே, ஜூன் மாதங்கள் வறண்டவை; காற்று பலமாக வீசும், மேகம் அபூர்வம், காட்டுத்தீ அபாயம் உச்சத்தில் இருக்கும். 2010இல் ஷுல்ட்ஸ் தீயும் 2022இல் பைப்லைன் தீயும் ஜூன் மாதத்தில்தான் மூண்டன. அபாயம் மிகுந்த ஆண்டுகளில் காட்டுப் பகுதிகளை மூடிவிடுவதும், முகாம்களில் நெருப்பு மூட்டத் தடை விதிப்பதும் வழக்கம் என்பதால், ஜூன் மாதக் காட்டோர நிகழ்ச்சிகளுக்கு மாற்றுத் திட்டம் ஒன்று கையில் இருக்க வேண்டும். ஜூலையில் பருவமழை தொடங்கியதும் எல்லாம் மாறிவிடுகிறது. காலையில் வானம் துடைத்துவிட்டாற்போல இருக்கும். வெயிலேற ஏற நகருக்கு வடக்கே உள்ள சான் ஃபிரான்சிஸ்கோ சிகரங்களின் மேல் மேகம் குவியும். நண்பகலுக்குப் பிறகு இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்த்துவிட்டு, மாலையில் பெரும்பாலும் வெளுத்துவிடும். இந்த ஒழுங்கை நம்பித் திறந்தவெளி நிகழ்ச்சிகளைக் காலையிலும் மாலையிலும் வைத்துக்கொண்டு, ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை கூரைக்கு அடியில் இருப்பதுபோல நாளை அமைத்துக்கொள்வது நல்லது. இடியோசை கேட்டவுடன் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். பைன் மரத்தடியில் ஒதுங்குவது பாதுகாப்பு ஆகாது.

காலை நேரத்துக்கு மிகப் பொருத்தமானது ஞாயிறு தோறும் நகர மன்றத்தின் வாகன நிறுத்தத்தில் கூடும் உழவர் சந்தை. சுற்றுவட்டாரப் பண்ணைகளின் காய்கறி, பழம், தேன், ரொட்டி ஆகியவற்றோடு உள்ளூர்க்காரர்களின் உரையாடலும் அங்கே கிடைக்கும். அந்த வாரம் எங்கே யார் பாடுகிறார்கள், எந்தக் கூடத்தில் புதிய காட்சி தொடங்கியிருக்கிறது என்பதை எந்த அறிவிப்புப் பலகையையும்விடத் தெளிவாகக் கடைக்காரர்களே சொல்லிவிடுவார்கள். ஆகவே இரண்டு நாள் பயணமென்றாலும் அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை அடங்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். நகருக்குத் தெற்கே ஃபோர்ட் டட்ஹில் மாவட்டப் பூங்கா இருக்கிறது. பைன் மரங்கள் சூழ்ந்த அங்குள்ள திறந்தவெளி அரங்கில் கோடை இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. செப்டம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டி மாவட்டக் கண்காட்சியும் அங்கேதான்.

மழை நேரத்தைச் செலவிட வடக்கு அரிசோனா அருங்காட்சியகத்தைவிடச் சிறந்த இடம் இங்கே இல்லை என்பது என் கருத்து. நகர மையத்திலிருந்து நெடுஞ்சாலை 180 வழியாக வடக்கே ஐந்து கிலோமீட்டர் போனால் போதும். விலங்கியலாளர் ஹெரால்ட் கோல்டனும் அவர் மனைவியான ஓவியர் மேரி ரஸ்ஸல் ஃபெரெல் கோல்டனும் முன்னின்று 1928இல் நிறுவியது இது. சுற்றுலாப் பயணிகளுக்கு அவசரமாகச் செய்து விற்கும் மலிவுப் பொருள்களால் அரிசோனாவின் வடகிழக்கில் வாழும் பழங்குடியினரான ஹோப்பி மக்களின் கைத்திறன் தேய்ந்துபோகும் என்று மேரி கவலைப்பட்டார். அந்தக் கவலையின் விளைவாக 1930இல் ஹோப்பிக் கைவினைஞர் கண்காட்சி தொடங்கியது. பிற்பாடு அண்டைப் பழங்குடியினரான நவாஹோ மக்களுக்கும் அங்கே தனி விழா ஏற்பட்டது. இந்தப் பழங்குடிக் கலைவிழாக்களின் பெயரும் நாளும் காலப்போக்கில் மாறியிருப்பதால், அருங்காட்சியகத்தின் அந்த ஆண்டு நாட்காட்டியைப் பார்த்த பிறகே விடுதியில் அறை எடுங்கள். ஒரே ஒரு வார இறுதிதான் கிடைக்கும் என்றால் இந்த விழா நடக்கும் நாளுக்காகவே அதை ஒதுக்கலாம். மற்றவற்றை வேறு ஊர்களிலும் ஓரளவு பார்த்துக்கொள்ள முடியும்.

விழாவில் பொருள் வாங்குவதற்கு முன்பு என்னென்ன இருக்கின்றன என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது அவசியம். ஹோப்பி வெள்ளி நகைகளில் இரண்டு தகடுகள் இருக்கும். மேல் தகட்டில் உருவத்தை மெல்லிய ரம்பத்தால் அறுத்தெடுத்து, அதைக் கீழ்த் தகட்டின் மேல் பற்றவைத்து, பள்ளத்தை மட்டும் கறுக்கச் செய்வார்கள். அந்த அருங்காட்சியகம் 1930களின் இறுதியில் ஊக்குவித்த இம்முறையை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஃபிரெட் கபோட்டியும் பால் சௌஃப்கியும் போரிலிருந்து திரும்பிய ஹோப்பி இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்ததால் அது வேரூன்றியது. அறுத்த விளிம்பு கூர்மையாகவும் சீராகவும் இருக்கிறதா, இரு தகடுகளுக்கும் இடையே பற்றவைப்பு பிசிறின்றி அமைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஹோப்பிக் கிராமங்கள் மேசா எனப்படும் தட்டையுச்சிக் குன்றுகளில் இருக்கின்றன; கூடைகளில் இரண்டாம் மேசாவைச் சேர்ந்தவை சுருளாகச் சுற்றித் தைக்கப்பட்டவை, மூன்றாம் மேசாவைச் சேர்ந்தவை மிலாறு கொண்டு பின்னப்பட்டவை. இந்த வேறுபாடு தெரிந்து கேள்வி கேட்பவரிடம் பின்னியவரே மனம் திறந்து பேசுவார். ஹோப்பிச் சமயத்தின் ஆவிகளைக் குறிக்கும் கட்சினா உருவங்கள் காட்டன்வுட் மரத்தின் வேரில் செதுக்கப்படுபவை. அவற்றுக்குச் சமயப் பொருள் உண்டு என்பதால் விளையாட்டுப் பொம்மையைக் கையாள்வதுபோல எடுத்துப் பார்ப்பது முறையன்று.

விலையைப் பொறுத்தவரை, நம் ஊர்ச் சந்தைப் பழக்கத்தில் பாதி விலைக்குக் கேட்பது இங்கே அவமதிப்பாகவே கொள்ளப்படும். ஒரு கூடைக்குப் பின்னால் செடியை அறுத்து, உலர்த்தி, சாயமேற்றும் மாதக்கணக்கான உழைப்பு இருக்கிறது. விலை கட்டுப்படியாகாவிட்டால் சிறிய பொருளைத் தேர்ந்தெடுங்கள். செய்தவரின் பெயர், இனக்குழு, ஊர் ஆகியவற்றை எழுதித் தருமாறு கேட்பதில் தவறில்லை. பழங்குடியினர் செய்யாத பொருளை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பது 1990ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமாகும். அதேபோல, நடனக்காரர்களையும் கைவினைஞர்களையும் அனுமதி கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. ஹோப்பிக் கிராமங்களுக்கே போகிறவர்கள் படம், ஒலிப்பதிவு ஆகியவற்றோடு கோட்டோவியத்துக்கும் அங்கே தடை உண்டு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பிக்கி ரொட்டி விற்பனைக்கு வந்திருந்தால் தவறவிடாதீர்கள். நீல மக்காச்சோள மாவைச் சாம்பல் சேர்த்துக் கரைத்து, கொதிக்கும் தட்டைக் கல்லின் மேல் வெறுங்கையால் ஒரே இழுப்பில் தடவி உரித்தெடுத்துச் சுருட்டுகிறார்கள். ஆந்திரத்துப் பூதரேகுலுவின் தாளைப் பார்த்தவர்களுக்கு இதன் மென்மை புரியும், ஆனால் இதில் இனிப்பு இல்லை.

மாலைக்கு நகர மையமே போதும். ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிமுதல் ஒன்பது மணிவரை ஓவியக்கூடங்களும் கடைகளும் கதவைத் திறந்துவைக்கும் கலை உலா நடக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஹெரிடேஜ் சதுக்கத்தில் கோடைக்காலத்தில் இசையும் திரைப்படமும் இருக்கும், மடக்கு நாற்காலியையும் போர்வையையும் நீங்களே கொண்டுபோக வேண்டும். நாடகம் பார்க்க விரும்பினால் 1972இல் தொடங்கி உள்ளூர் ஆர்வலர்களைக் கொண்டே இயங்கிவரும் தியேட்ரிகோஸ் குழுவின் அரங்கு சிறியது என்பதால் முன்பதிவு செய்துவிடுங்கள். பல்கலைக்கழகம் தண்டவாளத்துக்குத் தெற்கிலும் பழைய நகரம் வடக்கிலும் இருக்கின்றன. நாள் முழுவதும் நீண்ட சரக்கு ரயில்கள் போய்க்கொண்டே இருப்பதால், நிகழ்ச்சி தொடங்கும் நேரத்துக்கு மிகச் சரியாகக் கிளம்புகிறவர் ரயில்வே கேட்டில் நின்றுவிடுவார். கால் மணி நேரம் முன்னதாகப் புறப்படுங்கள்.

இரவு நிகழ்ச்சி மார்ஸ் ஹில் மேலுள்ள லோவெல் வானாய்வகத்தில். 1894இல் நிறுவப்பட்ட இங்குதான் கிளைட் டோம்பா 1930 பிப்ரவரி 18 அன்று புளூட்டோவைக் கண்டுபிடித்தார். 1896ஆம் ஆண்டின் 24 அங்குல கிளார்க் தொலைநோக்கியால் வெஸ்டோ ஸ்லிஃபர் 1912இல் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தின் நிறமாலையை ஆராய்ந்து அதன் வேகத்தை அளந்தார். தேடுவிளக்குகளைக் கட்டுப்படுத்த 1958இலேயே சட்டம் இயற்றிய இந்நகரம், 2001இல் உலகின் முதல் பன்னாட்டு இருள்வான நகரமாக அறிவிக்கப்பட்டது. தெருவிளக்குகள் மங்கலாக இருப்பதன் காரணம் அதுவே. கைவிளக்கு வேண்டுமானால் சிவப்பு ஒளியுடையதைக் கொண்டுவாருங்கள். ஜூனில் வானம் தெளிவு என்றாலும் முழு இருட்டுக்கு ஒன்பது மணி தாண்ட வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் விரைவில் இருட்டும், ஆனால் மேகம் மறைத்துவிடலாம். பகல்நேர வானிலையைப் பார்த்துவிட்டு அன்றைக்கே நுழைவுச்சீட்டு வாங்குவதே பருவமழைக் காலத்தில் புத்திசாலித்தனம்.

வார இறுதி அறைகளுக்குக் கோடையில் விலை ஏறிவிடும். வியாழன் வந்து சனிக்கிழமை திரும்புவது ஓரளவு மலிவு, ஆனால் ஞாயிறு சந்தை தவறிப்போகும். முதல் நாள் உயரம் மூச்சு வாங்க வைக்கும் என்பதால் நிறையத் தண்ணீர் குடித்து, மலைநடையை மறுநாளுக்குத் தள்ளிவையுங்கள். அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, நவாஹோ மக்களின் தன்னாட்சிப் பகுதியான நவாஹோ நாடு மாற்றுகிறது; அங்கே நடக்கும் நிகழ்ச்சிக்குப் போகிறவர்கள் ஒரு மணி நேர வேறுபாட்டைக் கணக்கில் எடுக்க வேண்டும். இரவில் ஃபீனிக்ஸுக்குத் திரும்புவோர் நெடுஞ்சாலை 17இன் நீண்ட இறக்கங்களில் பிரேக்கையே நம்பாமல் கியரைக் குறைத்து இறங்க வேண்டும். முதல் சில கிலோமீட்டருக்கு எல்க் மான்கள் சாலையைக் கடக்கக்கூடும்.